தோற்றுக்கொண்டிருந்த அணியில் ஒரு குட்டி நட்சத்திரம்: ஹோசே அல்டூவே கேள்வி பதில்

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியின் இரண்டாவது பேஸ் ஆட்டக்காரர் (ரன் எடுக்க ஓடுபவர் தொடவேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவதன் பக்கம் ஃபீல்டிங் செய்பவர்) ஹோசே அல்டூவே பற்றி, 2011 முதல் 2015 வரையிலான காலத்தை மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சிலர் 2017க்குத் தாவிவிட்டீர்கள். சரி, அதற்கும் கடைசியில் பதில் உண்டு.

கே: அண்ணா, உயரம் போதாது என்று அவரைத் திருப்பி அனுப்பியது உண்மையா, பிரபலமான பிறகு கட்டிவிட்ட கதையா?

உண்மைதான். வெனிசுலாவின் மராக்காய் நகரத்தில் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வு முகாமுக்குப் போனபோது அவருக்கு 16 வயது. ஆளைப் பார்த்ததுமே வேண்டாம் என்றார்கள். சொன்ன வயதையும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்தவரை, நாளைக்கு மறுபடியும் போ என்று அனுப்பியவர் அவருடைய அப்பா. பையன் பிறப்புச் சான்றிதழோடு போய் நின்றார். அணி நிர்வாகத்தைச் சேர்ந்த அல் பெட்ரிக் அவரை ஆடவிட்டுப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. 2007 மார்ச்சில் ஒப்பந்தம். கையெழுத்துப் பணம் 15,000 டாலர். பெயரெடுத்த பையன்களுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக்கொடுத்த காலம் அது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெனிசுலாவில் முதன்முதலில் பயிற்சி அகாடமி திறந்த அமெரிக்க அணி ஆஸ்ட்ரோஸ்தான், 1989இல். பின்னாளில் நட்சத்திரங்களான பாபி அப்ரேயு, யோஹான் சந்தானா எல்லாம் அவர்கள் கண்டெடுத்தவர்கள். அப்படிப்பட்ட அணியே இவரை முதல் நாள் கோட்டை விடப் பார்த்தது.

கே: 21 வயதில் நேராக மேஜர் லீக், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் பிரிவு. அவ்வளவு அசாத்தியத் திறமையா, அணியில் ஆள் இல்லையா?

இரண்டும். 2011இல் மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள பிரிவுகள்) லான்காஸ்டர் அணிக்கு 52 ஆட்டங்களில் .408 அடித்தார். அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 408 ஹிட் என்ற பேட்டிங் சராசரி; ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை அடைவது. அது காற்று வீசும் பாலைவன மைதானம், அங்கே யாரும் அடிப்பார்கள் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த படியான டபுள் ஏ பிரிவில் கார்ப்பஸ் கிறிஸ்டி அணிக்கு மாற்றினார்கள், அங்கேயும் .361. இதற்குள் ஆஸ்ட்ரோஸ் தங்கள் இரண்டாவது பேஸ்காரர் ஜெஃப் கெப்பிஞ்சரை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு, வேறு ஆட்டக்காரர்களுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டார்கள். ஜூலை 20 அன்று, மேஜர் லீக்குக்கு முந்தைய டிரிபிள் ஏ படியை மிதிக்காமலே அல்டூவே வாஷிங்டனுக்கு எதிராக இறங்கினார்.

நல்ல அணியாக இருந்திருந்தால் குறைந்தது இன்னும் ஒரு வருடம் மைனர் லீக்கில் வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. அந்த வருடம் ஆஸ்ட்ரோஸ் 106 ஆட்டம் தோற்றது. அடுத்த வருடம் 107. அதற்கடுத்து 111! ஹண்டர் பென்ஸ், மைக்கேல் போர்ன் என்று பெயர் தெரிந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வெற்றிடம்தான் அவருக்குத் தினமும் ஆட இடம் கொடுத்தது.

கே: முதல் ஹோம் ரன்னே பந்து மைதானத்தைத் தாண்டாமல் அடித்ததாமே?

ஆமாம். வழக்கமாக ஹோம் ரன் என்றால் பந்து வேலியைத் தாண்டும், அடித்தவர் நிதானமாக நான்கு பேஸையும் சுற்றி வருவார். இது 2011 ஆகஸ்ட் 20, பந்து வீசியவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடிசன் பம்கார்னர். பந்தை எதிரணி எடுத்து எறிவதற்குள் நான்கு பேஸையும் ஓடி முடித்துவிட்டார்.

கே: கிரிக்கெட் மட்டும் தெரிந்த எனக்கு ஒரு சந்தேகம். குள்ளமானவர் ஏன் இரண்டாவது பேஸில் நிற்கிறார்?

அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் குறைவு. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே உள்ள இடம்), மூன்றாவது பேஸ் இரண்டிலிருந்தும் நீளமாக, வேகமாக எறியவேண்டும்; அதற்குக் கை பலம் வேண்டும். இரண்டாவது பேஸில் அதைவிடக் கால் வேகம்தான் முக்கியம். ஒரே அடியில் இருவரை அவுட் ஆக்கும் டபுள் ப்ளே சமயத்தில் பந்தை வாங்கி, ஓடி வருபவன் காலில் மாட்டாமல் திரும்பி எறியவேண்டும். ஆரம்பத்தில் அவருடைய ஃபீல்டிங் சுமார்தான். 2015இல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது வாங்கும் அளவுக்கு உழைத்தார்.

கே: 2014இல் திடீரென்று எப்படி அப்படி அடித்தார்?

திடீர் என்று தோன்றுவதற்குக் காரணம் 2013. 2012இல் .290 அடித்து, இரு லீக்குகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குப் போனவர், 2013இல் .283க்கு இறங்கினார். 35 பேஸ் திருடினார் (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), 13 முறை மாட்டிக்கொண்டார். மோசமில்லை, ஆனால் இவ்வளவுதான் இவர் என்று பலர் முடிவு கட்டினார்கள்.

2014இல் 225 ஹிட், .341. முன்னாள் ஆஸ்ட்ரோஸ் ஆட்டக்காரர் கிரெய்க் பிஜியோ 1998இல் அடித்த 210தான் அதுவரை அணியின் சாதனை. திருடியது 56 பேஸ், மாட்டியது 9 முறை. ஆனால் என்னைக் கேட்டால் பார்க்கவேண்டிய எண் வேறு: 707 முறை பேட் பிடித்து வெறும் 53 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது). லீக் முழுக்க ஸ்ட்ரைக் அவுட் ஏறிக்கொண்டே போன காலத்தில் இது. எந்தப் பந்தையும் தொட்டுவிடுவார். வாக் (அடிக்காமல் விட்ட நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்கியது 36தான். பொறுமை அப்போது அவருடைய பலம் இல்லை.

அப்புறம் சீசனின் அந்தக் கடைசி நாள். லீக்கிலேயே உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டத்துக்குப் போட்டி. அன்று காலை அவர் .340, டெட்ராய்ட்டின் விக்டர் மார்ட்டினெஸ் .337. உட்கார்ந்திருந்தால் பாதுகாப்பு, அப்படித்தான் முதலில் திட்டமும் இருந்தது. பிறகு மனம் மாறி நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக ஆடினார். நான்கில் இரண்டு ஹிட். மார்ட்டினெஸ் .335இல் முடித்தார். ஆஸ்ட்ரோஸ் வரலாற்றில் முதல் பேட்டிங் பட்டம் இது. அதை வெளியே உட்கார்ந்து வாங்கியிருந்தால் இன்று வரை குத்திக்காட்டியிருப்பார்கள்.

கே: 2012, 2014 இரண்டு ஆல் ஸ்டாரிலும் வெவ்வேறு லீக் சார்பில் ஆடினாரே, அணி மாறினாரா?

இல்லை, அணியே லீக் மாறியது. மேஜர் லீக்குக்குள் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு பிரிவு. 2013இல் ஆஸ்ட்ரோஸை நேஷனல் லீக்கிலிருந்து அமெரிக்கன் லீக்குக்கு மாற்றினார்கள். ஒரே அணியில் இருந்தபடி இரண்டு லீக்குக்கும் ஆடிய முதல் ஆல் ஸ்டார் இவர்.

கே: 2013இல் போட்ட ஒப்பந்தத்தில் ஏமாந்துவிட்டார் என்கிறார்களே, சார்?

நான்கு வருடத்துக்கு 1.25 கோடி டாலர், அதற்குமேல் இரண்டு வருடம் அணியின் விருப்பப்படி நீட்டிக்கலாம். அடுத்த வருடமே பேட்டிங் பட்டம் என்பதால், பின்னோக்கிப் பார்த்தால் அணிக்கு அடிமாட்டு விலை. ஆனால் 15,000 டாலரில் ஆரம்பித்த 23 வயதுப் பையன் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2018இல் 15.1 கோடி டாலர் நீட்டிப்பு கிடைத்தது.

கே: தூரத்தை ‘அல்டூவே’ கணக்கில் அளப்பார்களாமே?

2012இல் ஒரு ரசிகர் கிளப்பிவிட்டது. ஒரு அல்டூவே என்றால் 5 அடி 5 அங்குலம். ஹோம் ரன் எத்தனை அல்டூவே போனது என்று கணக்கிட இணையதளமே இருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

கே: குப்பைத்தொட்டியைத் தட்டி ஏமாற்றிய அணிதானே? இதையெல்லாம் எப்படி நம்புவது?

அடுத்து என்ன பந்து வரும் என்று எதிரணி தங்களுக்குள் காட்டும் சைகைகளைக் கேமராவில் பார்த்து, தொட்டியைத் தட்டித் தங்கள் பேட்ஸ்மேனுக்குச் சொன்னது 2017இல். 2020 ஜனவரியில் லீக் விசாரணை முடிவு வந்து, மேலாளர் ஹின்ச், பொது மேலாளர் லூனோ இருவரும் ஒரு வருடத் தடை பெற்றார்கள், அணியும் அவர்களை நீக்கியது. அல்டூவே அந்த அணியின் முகம். 2017இன் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். வெளியூர் மைதானங்களில் அவரைப் பார்த்துக் கூச்சல் போடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, அனுபவிக்கட்டும். 2014 வேறு கதை. அந்த அணி 92 ஆட்டம் தோற்றது, நடுவில் மேலாளர் போ போர்ட்டரையே நீக்கினார்கள். அந்த வருடத்து 225 ஹிட்டை நான் சந்தேகிக்கவில்லை.