பசுவை விற்று ரக்பி அகாடமியில் சேர்க்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே நான்கு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. மகனுக்கு 17 வயது. தமிழ்வழியில் பிளஸ் டூ படிக்கிறான். கபடி ஆடிக்கொண்டிருந்தவன் இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் கோவைக்குப் போய் ரக்பி ஆடுகிறான். டிவியில் ரக்பி போட்டித் தொடர் பார்த்த நாளிலிருந்து அதுதான் தன் தொழில் என்கிறான். வெளியூர் அகாடமி ஒன்று ஓராண்டுப் பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது. முடித்தால் வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுவார்களாம். இரண்டு மாடுகளை விற்றால் பணத்தைப் புரட்டிவிடலாம். கோவைப் பயிற்சியாளர் அவனைத் தமிழ்நாட்டு அணிக்கு ஆடச் சொல்கிறார். போன ஓணத்தின்போது கபடியில் அவன் தோள் இறங்கிவிட்டது. வைத்தியரிடம் காட்டி ஏற்றினோம், இப்போது நன்றாக இருக்கிறான். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, மாட்டை விற்காதீர்கள். மற்றவற்றை ஆற அமரப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை ஆட்டத்தில் கிளப்தான் ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்கும். வெளிநாட்டு ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த கிளப்? இதற்கு முன் அங்கே போன பையன் ஒருவனோடு நான் பேச முடியுமா? விசா யார் பொறுப்பு? பிரிட்டனை எடுத்துக்கொண்டால், விளையாட்டு வீரர் விசாவுக்கு கிளப்பின் அழைப்பு மட்டும் போதாது. அந்த நாட்டு ரக்பி சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும். பெரிய போட்டிகளில் பெயர் பதிக்காத பையனுக்கு அது எளிதில் கிடைக்காது. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

தம்பியின் ஆசையைத் தட்டிவிடுவதாக நினைக்காதீர்கள். நானும் பதினைந்து வருடம் ஆடியவன்; இன்றும் பையன்களுக்குக் கற்றுத் தருகிறேன். என் பிழைப்பு, என் நண்பர்கள், என் உடலைப் பற்றி நான் அறிந்தது எல்லாமே இந்த ஆட்டம் கொடுத்தவை. அதனால்தான் அதன் கணக்கு வழக்கை உள்ளபடி சொல்ல விரும்புகிறேன்.

ரக்பி யூனியன் எனப்படும் 15 பேர் ஆட்டத்தில் 1995 ஆகஸ்ட் வரை, ஆடுவதற்குப் பணம் வாங்குவதே விதிமீறலாக இருந்தது. அதற்குச் சரியாக நூறாண்டு முன்பு, 1895இல், வட இங்கிலாந்து கிளப்புகள் பிரிந்துபோய் உண்டாக்கியதுதான் பின்னால் 13 பேர் ஆட்டமான ரக்பி லீக் ஆயிற்று. பிரிவுக்குக் காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள், ஆடப் போகும் நாளின் கூலி இழப்பை ஈடுகட்டுங்கள் என்றார்கள். தெற்கே இருந்தவர்கள் மறுத்தார்கள். உழைத்துச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆட்டம் கட்டுபடியாகுமா என்று நீங்கள் கேட்கிறீர்களே, ரக்பியை இரண்டாகப் பிளந்த கேள்வியே அதுதான்.

இன்று பெரிய பணம் பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் லீக்குகளில் இருக்கிறது. அங்கேயும் தரை உறுதியாக இல்லை. 2022-23 பருவத்தின் நடுவிலேயே வொர்செஸ்டர், வாஸ்ப்ஸ் என்ற இரண்டு முதல்நிலை ஆங்கில கிளப்புகள் கடனில் மூழ்கின. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷும் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. வாஸ்ப்ஸ் இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. நாட்டு அணிக்கு ஆடியவர்கள்கூட ஒரே நாளில் வேலையிழந்து நின்றார்கள். இதெல்லாம் தாண்டினாலும், முப்பதைக் கடந்து சில ஆண்டுகளில் உடல் போதும் என்று சொல்லிவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ரக்பி பிரீமியர் லீக் 2025 ஜூனில் மும்பையில் தொடங்கியது. ஆறு அணிகள் பங்கேற்ற எழுவர் ஆட்டம். இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் அணி டெல்லி ரெட்ஸை 41-0 என்று வென்றது. தம்பியின் மனதில் தீ வைத்தது அந்த ஆட்டமாகத்தான் இருக்கும். நல்ல தொடக்கம், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மொத்தப் போட்டியும் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. இந்திய வீரர்களுக்குக் கிடைத்த தொகையும் சில லட்சங்கள் என்ற அளவில்தான். ஆண்டின் மற்ற ஐம்பது வாரங்களுக்கு அந்த வீரர்களுக்கு வேறு சோறு வேண்டும். பலருக்கு அது இராணுவத்திலோ போலீஸிலோ உள்ள வேலை, இல்லாவிட்டால் பயிற்சியாளர் சம்பளம். இந்தியாவில் ரக்பி வீரனின் தொழில் வாழ்க்கை என்பது பெரும்பாலும் ரக்பி வாங்கிக்கொடுத்த அரசு வேலைதான். நான் இதைக் குறைவாக நினைக்கவில்லை. ஓய்வூதியம் வரை போகும் வாழ்க்கை அது. பீகார் அரசு, பதக்கம் வென்றவர்களுக்கு வேலை தரும் திட்டத்தில் ரக்பி வீராங்கனைகளையும் சேர்த்துக்கொண்டது. ஒடிசாவில் புவனேஸ்வரத்துப் பழங்குடி உண்டு உறைவிடப் பள்ளியான கிஸ்ஸின் சிறுவர்கள் 2007இல் லண்டன் போய் 14 வயதுக்குட்பட்டோர் பள்ளிக் கோப்பையை வென்று வந்தார்கள். அவர்களின் தாய்மார் யாரும் ஒன்றரை லட்சம் கட்டவில்லை.

அந்த வேலைக்குப் போகும் வழியில்தான் உங்கள் எல்லைப் பிரச்சினை குறுக்கே வருகிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடங்களில் ஒன்று இது. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், வேலந்தாவளம் எல்லையைத் தாண்டினால் கோவை. பையனுக்கு அந்தப் பக்கம் இயல்பாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் விளையாட்டு ஒதுக்கீடு மொழியைப் பார்க்காது. ரேஷன் கார்டையும், எந்த மாநிலத்தின் சட்டையைப் போட்டு ஆடினான் என்ற சான்றிதழையும் பார்க்கும். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதைக் காட்டித்தான் பயிற்சியாளர் அழைத்திருப்பார். உங்கள் முகவரி, ஆதார், பள்ளி எல்லாம் கேரளத்தில் இருக்கும்போது, தமிழ்நாட்டுச் சட்டையில் வாங்கும் பதக்கம் நாளை இரண்டு மாநிலத்திலும் கேள்விக்குள்ளாகும். என் கூடவே ஆடிய ஒருவர் இரண்டு மாநிலங்களுக்கும் மாறி மாறி ஆடி, கடைசியில் எந்தப் பட்டியலிலும் இடம் கிடைக்காமல் போனார். நல்ல ஆட்டக்காரர். இன்றும் அவரை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஆகவே பயிற்சி கோவையில் தொடரட்டும், பதிவு கேரள மாநிலச் சங்கத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே தமிழ்நாட்டில் பெயர் பதிந்திருந்தால், மாற்றத்துக்குத் தடையில்லாச் சான்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது காகிதம். மத்திய அரசு 2020இல் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆக உயர்த்தியபோது ரக்பியும் உள்ளே வந்தது. ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே எல்லாத் துறையும் ரக்பிக்கு ஆள் எடுக்கும் என்றில்லை. ஒவ்வோர் அறிவிப்பிலும் எந்தெந்த விளையாட்டு என்று போட்டிருக்கும், பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆடியதற்கான சான்றிதழுக்கு நான்கு படிவங்கள் உண்டு. நாட்டுக்கு ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்கு ஆடினால் 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடினால் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4. கையெழுத்து யார் போடுகிறார் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. போட்டி முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் சங்கச் செயலாளர் மாறியிருப்பார், பதிவேடு காணாமல் போயிருக்கும்.

மூன்றாம் படிவத்துக்காகவே தம்பி கல்லூரிக்குப் போக வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரி உங்களுக்குப் பக்கத்தில், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது; தமிழ்த்துறையும் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பம் எப்போது, எப்படி என்று பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே கல்லூரி உடற்கல்வித் துறையில் விசாரியுங்கள். பட்டம் இருந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மேல்நிலைப் பணிகளும் திறக்கும்.

அகாடமிக்குப் போகாமல் எப்படித் தேறுவது என்று அவன் கேட்பான். எழுவர் ஆட்டம் பாதிக்கு 7 நிமிடம், மொத்தம் 14 நிமிடம்; ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் வரும். அதற்கு வேண்டியது மீண்டும் மீண்டும் வேகமாக ஓடும் திறன். ஓட்டத்தில் பெயர்பெற்ற பறளியும் முண்டூரும் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆசியத் தடகள சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டரில் தங்கம் வென்ற பி.யு. சித்ரா முண்டூர்ப் பெண். நல்ல தடகள ஆசிரியர் ஒருவரிடம் வாரம் மூன்று நாள் ஓடினால், அந்த அகாடமியின் ஓராண்டைவிட அதிகம் கிடைக்கும்.

கபடிப் பையன்கள் என்னிடம் வந்தால் மகிழ்வேன். மோதலுக்கு அஞ்ச மாட்டார்கள், குனிந்து பிடிக்கத் தெரியும். ஆனால் இரண்டு பழக்கங்களை முதல் மாதத்திலேயே மாற்றுவேன். ஒன்று, பிடித்ததை விடாத பழக்கம். ரக்பியில் ஆளை வீழ்த்தியதும் விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் தண்டம். மற்றொன்று ஆபத்தானது. கணுக்காலைப் பிடிக்க எதிராளியின் முன்னால் தலையை நீட்டிப் பாய்வார்கள். முழு வேகத்தில் வரும் முழங்கால் நேராக நெற்றியில் வந்து விழும். தலை எப்போதும் எதிராளியின் உடலுக்குப் பின்பக்கமாகப் போக வேண்டும், தோள்தான் மோத வேண்டும், இரண்டு கைகளும் சுற்றி வளைக்க வேண்டும்.

தலையில் அடி பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் ஆடிய ஸ்டீவ் தாம்ப்சன், 42 வயதில் தனக்கு மறதி நோய் என்று வெளியே சொன்னார். அந்தக் கோப்பையை வென்றதே தனக்கு நினைவில்லை என்றார். அடிபட்டு மயங்கினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ அன்று ஆட்டம் முடிந்தது. மோதலுக்குத் திரும்பக் குறைந்தது மூன்று வாரம் ஆக வேண்டும். பயிற்சியாளர் அவசரப்படுத்தினால் நீங்களே மைதானத்துக்குப் போய்த் தடுங்கள்; தாய்க்கு அந்த உரிமை உண்டு.

உடல் பெருக்கும் பொடி எதையும் வாங்கித் தராதீர்கள். அதில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்பது செல்லாது. நான்கு ஆண்டு வரை தடை வரலாம். வீட்டுப் பால், முட்டை, கடலை போதும்.

பின்னால் வளைகுடா வேலைக்குப் போனால், துபாயில் வேலை முடித்து மாலையில் ஆடும் கிளப்புகள் இருக்கின்றன. அது பொழுதுக்கான ஆட்டம், சம்பளத்துக்கானதல்ல.

கடைசியில் எழுதினாலும் முதலில் செய்ய வேண்டியது தோள். ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இருபது வயதுக்குள் ஒருமுறை இறங்கிய தோள், மோதி ஆடும் பையன்களில் பெரும்பாலோருக்கு மறுபடி இறங்குகிறது. தோள் மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையம் கிழிந்திருக்கக்கூடும். ஏற்றிவிட்டதால் அது ஒட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எலும்பும் தேயும். என் இடது தோள் 19 வயதில் முதன்முதலாக இறங்கியபோது துணியில் கட்டிக்கொண்டு அடுத்த வாரமே ஆடினேன். நான்காவது முறைக்குப் பிறகுதான் அறுவை. இன்று அந்தக் கையால் பரணில் இருந்து ஒரு பாத்திரம் இறக்க முடியாது. விளையாட்டுக் காயம் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் பாலக்காட்டிலோ கோவையிலோ இந்த மாதமே காட்டி, எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். அறுவை வேண்டும் என்றாலும் பயம் வேண்டாம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் மோதலுக்குத் திரும்பலாம், அவனுக்கு வயது இருக்கிறது. முடிவு தெரியும்வரை ஞாயிறுகளில் கோவைக்குப் போகட்டும், ஓடட்டும், பந்து கடத்திப் பழகட்டும். யாரையும் மடக்க மட்டும் வேண்டாம்.