வணிக விமானி உரிமம் எடுத்தாயிற்று, விமான நிறுவன வேலைக்கு அடுத்து என்ன?

மட்டக்களப்பிலிருந்து கேட்கும் தம்பி, பறப்புக் கணக்கில் ஏறக்குறைய 200 மணித்தியாலம், வீட்டுக் காணி ஈட்டில், இன்னும் கடன் வாங்கி ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங் (அந்த விமான வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதி) எடுக்கவா, பயிற்றுநராகப் போகவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை உறுதியாகாமல் டைப் ரேட்டிங்குக்குக் காசு கட்டவே வேண்டாம். ஏ320க்கு எடுத்தது போயிங் 737க்கு உதவாது, அதோடு திறமைச் சோதனையைக் காலத்துக்குக் காலம் செய்து புதுப்பிக்காவிட்டால் தகுதி காலாவதியாகிவிடும், வட்டி மட்டும் நிற்காது. நிறுவனமே பயிற்சி தந்தால் அது வேறு கதை, ஆனால் எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

நான் பயிற்றுநர் வேலையைத்தான் சொல்வேன். கொழும்புக்கு அருகே இரத்மலானையில் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. மாணவன் தரை தொடும் நேரத்தில் மூக்கை அதிகம் தூக்கிவிடுவான், வேகம் விழும், உங்கள் கை கட்டுப்பாட்டுக்கு ஒரு விரல் தள்ளிக் காத்திருக்கும். எப்போது பிடிப்பது, எப்போது விட்டுப் பார்ப்பது என்ற அந்த நிதானம் துணை விமானி இருக்கையில் உங்களுக்குக் கட்டாயம் உதவும். மணித்தியாலமும் ஏறும், சம்பளம் சிறிதென்றாலும் வரும்.

உங்கள் மட்டக்களப்பு திமிலைதீவு ஓடுபாதைக்கு வருவது போன்ற சிறிய விமானங்களை ஓட்டும் உள்நாட்டு நிறுவனங்களுக்கும் விண்ணப்பம் போடுங்கள், இடம் குறைவு, ஆனாலும் போடுங்கள்.

அப்புறம், ஏடிபிஎல் (விமான நிறுவனத் தலைமை விமானிக்குரிய உயர்நிலை உரிமம்) எழுத்துப் பரீட்சைகளைப் படித்தது மறக்குமுன் முடித்துவிடுங்கள். அந்த உரிமத்துக்கு 1500 மணித்தியாலம் வேண்டும், பரீட்சைக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் கருவிப் பறப்புத் தகுதியும் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி) காலாவதியாக விடாதீர்கள், அழைப்பு திடீரென்றுதான் வரும்.