மாடி ரேடியேட்டர்கள் மட்டும் சூடாகவில்லை: பாய்லர்தான் காரணமா?

இங்கிலாந்தில் பழைய வீடு, பரணில் தண்ணீர்த் தொட்டி, கீழ்த்தள ரேடியேட்டர்கள் (பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடுகள்) நன்றாகச் சுடுகின்றன, மாடியில் சில்லென்று இருக்கின்றன, ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்தாலும் ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். பாய்லர் மேல் பழி போடும் முன், அதை அணைத்துவிட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள்.

இரண்டு தொட்டிகள் இருந்தால் சின்னதுதான் ரேடியேட்டர்களுக்கு உரியது. அது காலி என்றால், மிதவை வால்வு சிக்கியிருக்கும். வருஷக்கணக்கில் அசையாமல் கிடப்பதால் இது ரொம்ப சகஜம். மெல்ல அசைத்துத் தண்ணீரை வரவழையுங்கள். தொட்டி நிரம்பியதும், வெந்நீரைச் சுழற்றும் பம்ப் ஓடாதபோது, மாடியில் காற்றை வெளியேற்றுங்கள். வருவது துருப்பிடிப்பால் உண்டான ஹைட்ரஜனாகவும் இருக்கலாம், பக்கத்தில் சிகரெட் வேண்டாம்.

தொட்டியில் தண்ணீர் இருந்தும் ரேடியேட்டருக்கு வரவில்லையா? சரி, அப்போது அடைப்புதான். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் சுற்றும் குழாயோடு சேரும் இடத்தில் கறுப்புத் துருச் சேறு இறுகிவிடும். குழாய் செம்பு என்றால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், செம்பில் காந்தம் ஒட்டாது. அந்த இடத்தில் மட்டும் ஒட்டினால் உள்ளே மேக்னடைட், அதாவது அந்தக் கறுப்புத் துரு, இருக்கிறது. ரசாயனம் ஊற்றிப் பயனில்லை, அடைத்த இடத்துக்கு அது போய்ச் சேராது. அந்தத் துண்டை வெட்டி மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், பம்ப் ஓடும்போது தொட்டிக்கு மேல் வளைந்த திறந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டினால், அதுவே காற்றை உள்ளே கலந்து துருவை வளர்க்கும். பம்பின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பாய்லர் மூடியைத் திறக்கும் வேலை மட்டும் கேஸ் சேஃப் என்ற எரிவாயு வேலைக்காரர் பதிவேட்டில் பதிவு பெற்றவருடையது.