ஜெர்மனியில் விசா அட்டை முடிந்து, தற்காலிகச் சான்றிதழ் மட்டும் இருக்கும்போது இந்தியா போய்த் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் சான்றிதழில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

அட்டை காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று, கையில் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற மடித்த தாள் மட்டும் இருக்கிறது, ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் எழுதவில்லை. இந்தத் தாளோடு ஊருக்குக் கிளம்பத் துடிக்கிறவர் யாரும் சுற்றிப் பார்க்கக் கிளம்புவதில்லை. வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தத் தாளின் மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால் அது ஜெர்மன் வதிவிடச் சட்டம் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. பழைய அனுமதி முடிவதற்குள் நீங்கள் விண்ணப்பித்துவிட்டதால், முடிவு தெரியும்வரை பழைய அனுமதியே தொடர்கிறது என்று அதற்குப் பொருள். வேலை செய்யலாம், வெளியே போகலாம், திரும்பி வரலாம். மற்ற இரண்டு கட்டங்கள் 3-ஆம் உட்பிரிவைச் சேர்ந்தவை. அவற்றை வைத்து வெளியே போனால் திரும்பி வர முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எனக்கும் சொன்னார்கள். 2018-இல் கிடைத்த என் நான்கு வருட ப்ளூ கார்டு (படித்த திறன் பணியாளர்களுக்கான வதிவிட அனுமதி அட்டை) 2022 அக்டோபரில் முடிந்தது. ஆகஸ்டிலேயே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்து, இந்தத் தாளையும் வாங்கி வைத்திருந்தேன். நவம்பர் முதல் வாரத்தில் கோவில்பட்டியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அப்பாவுக்குப் பக்கவாதம், மதுரைக்குக் கொண்டுபோகிறோம் என்றாள். அன்று இரவே இங்குள்ள நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: போனால் அங்கேயே மாட்டிக்கொள்வாய், புது விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வேலையும் போய்விடும். அவர்களில் ஒருவருக்கு உண்மையிலேயே அப்படி நடந்திருந்தது. அவருடைய தாளில் குறி இருந்தது வேறு கட்டத்தில் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரில் கேட்டிருக்கலாமே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். காலை ஆறரைக்குப் போய் வாசலில் நின்றேன். முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டோம், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். தாளையே படித்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். படித்தேன். ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்வு எழுதியவன்தான் நான், ஆனால் அந்தத் தாளில் சட்டப் பிரிவின் எண்தான் இருக்கிறது, போகலாம் வரலாம் என்று எங்கும் இல்லை. அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பார்க்கும் நிதானம் அந்த வாரம் எனக்கு இல்லை.

ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் அக்கா, "எப்படா வர்ற? அப்பா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு" என்பாள். அட்டை வந்துவிடும் அக்கா, இந்த வாரம் வந்துவிடும் என்பேன். பத்தாம் நாள் அப்பா போய்விட்டார். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். நான் போனில் பார்த்தேன்.

மறுநாள் நான் வேலை செய்யும் இடத்தில், துருக்கியிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்டார். தாளை எடுத்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி அந்தக் குறியின் மேல் விரல் வைத்தார். "இதே தாளில் நான் இஸ்மிர் போய் வந்தேன், இரண்டு முறை" என்றார். அன்று மாலையே டிக்கெட் போட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் ஐந்து வாரம் கழித்து வந்தது. ஒரே வரி: பயணம் செய்யலாம்.

திரும்பும்போது தொல்லை வந்தது சென்னையில்தான். விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருந்த பெண் அட்டையில் தேதி முடிந்திருப்பதைப் பார்த்ததும் போர்டிங் பாஸ் தர மறுத்தார். தாள் முழுக்க ஜெர்மன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேலாளரைக் கூப்பிடச் சொல்லி, மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். ஷெங்கன் நாடுகள் ஏற்கும் வதிவிட ஆவணங்களின் பட்டியலில் இந்தத் தாள் இருக்கிறது, மூன்றாவது கட்டக் குறியும் பழைய அட்டையும் சேர்ந்திருந்தால் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் எங்கெங்கோ போன் செய்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. பிராங்பர்ட்டில் குடியேற்ற அதிகாரி இரண்டு நிமிடத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். ஆகவே விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். லண்டன் வழியாக டிக்கெட் போடாதீர்கள், அங்கே விமானம் மாறுவதற்கு இந்தியர்களுக்கான விசா விதிகள் தனி. தாளின் தேதி முடிவதற்குள் திரும்பிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார். திறன் பெற்ற பணியாளர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துவர 2024-இல் ஒரு வழி திறந்தார்கள். ஆனால் முதல் அனுமதியை 2024 மார்ச் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பெற்றவர்களுக்கு மட்டும். நேற்று வந்தவர் அம்மாவைக் கூட்டிவர விண்ணப்பிக்கலாம், 2018-இலிருந்து வரி கட்டும் நான் முடியாது. வந்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை, அவர்களுக்கும் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு தேடுவதே பெரும்பாடு. ஆனால் எங்கள் அம்மாக்களுக்கு மட்டும் வயதாகாதா? என் அம்மா 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம் என்ற குறுகிய கால விசாக் கணக்கில் வந்து போகிறார். போன முறை வந்தபோது முதல் நாளே காலண்டரில் திரும்பும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்.

நான் வழக்கறிஞர் இல்லை. விண்ணப்பித்தது அட்டை முடிந்த பிறகு என்றால் நான் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள், ஒரு வழக்கறிஞரிடம் தாளைக் காட்டுங்கள். நேரத்தில் விண்ணப்பித்து, மூன்றாவது கட்டத்தில் குறியும் இருந்தால் இன்று இரவே டிக்கெட் போடுங்கள். பழைய அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் பிரச்சினை வந்தால் இங்கேயே எழுதுங்கள், நான் அச்சடித்த அந்தப் பக்கத்தை அனுப்புகிறேன்.