ரோன் பள்ளத்தாக்கின் கனத்த சிவப்பு ஒயின்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தும், நீளமானவற்றைச் சுருக்கியும் தந்திருக்கிறேன்.

பாரிஸில் இருக்கும் மைத்துனர் ஒரு கோர்னாஸ் பாட்டில் கொண்டுவந்தார். பிரமாதமான ஒயின் என்றார். ஒரு வாய் குடித்ததும் நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடித்துக்கொண்டன. கெட்டுப்போன ஒயினா?

கெடவில்லை. நீங்கள் உணர்ந்தது டானின், அதாவது துவர்ப்பு. கொட்டைப்பாக்கை மென்றால் வாய் எப்படி இறுகுமோ, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்கிறது, வழுவழுப்பு போய்விடுகிறது. இந்த டானின் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது.

கோர்னாஸ் என்பது வாலான்ஸ் நகருக்கு எதிரே, ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர். செங்குத்தான கருங்கல் சரிவில் படிப்படியாகக் கட்டிய தோட்டங்கள். சட்டப்படி சிரா என்ற கருந்திராட்சையைத் தவிர வேறு எதையும் அதில் கலக்கக் கூடாது. ரோனின் இதே வடக்குப் பகுதியில் உள்ள வேறு சில ஒயின்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை: கோட்-ரோட்டியில் 20 சதவீதம் வரை வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்க்கலாம், எர்மிட்டாஜில் 15 சதவீதம் வரை மார்சான், ருசான் என்ற வெள்ளைத் திராட்சைகளைச் சேர்க்கலாம். கோர்னாஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் இளம் வயதில் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும்.

பாட்டிலில் உள்ள ஆண்டைப் பாருங்கள். அறுவடையாகி மூன்று நான்கு வருடம்தான் ஆகியிருந்தால் அவசரப்பட்டுத் திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மிச்சம் இருப்பதை ஒரு கண்ணாடி ஜக்கில் ஊற்றி இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். இதற்கென்றே விற்கும் டிகேன்டர் என்ற கண்ணாடிக் குடுவையை வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்படிக் குடிக்கும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கவனியுங்கள். ஈறும் மேலுதட்டின் உட்புறமும் இறுகுவது துவர்ப்பு. கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊற வைப்பது புளிப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் ஏறும் சூடு ஆல்கஹால். நம்மில் பலர் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு 'ஸ்ட்ராங்' என்று சொல்லிவிடுகிறோம். உங்கள் கோர்னாஸில் ஆல்கஹால் 13 அல்லது 13.5 சதவீதம் மட்டுமே இருக்கக்கூடும். தெற்கே 15 சதவீதத்தைத் தொடும் ஒயின்கள் இதைவிட மென்மையாக வழுக்கிக்கொண்டு போகும். லேபிளில் உள்ள சதவீதத்தை வைத்து ஒயினின் திடத்தை எடைபோடுவது வீண்.

நல்ல துவர்ப்புக்கும் மட்டமான துவர்ப்புக்கும் என்ன வித்தியாசம் என்றால், இறுக்கம் தளர்ந்த பிறகு பழச்சுவை வாயில் நிற்க வேண்டும். வெறும் கசப்பு மட்டும் நின்றால் அது எத்தனை வருடம் வைத்தாலும் தேறாது.

சிரா ஒயினில் மிளகு வாசனை வரும் என்கிறார்கள். என் மனைவிக்கு உடனே தெரிகிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பயிற்சி போதவில்லையா?

பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். அந்த வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற சேர்மம். யாரோ வர்ணனைக்காகச் சொன்ன உவமை இல்லை இது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கருமிளகிலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் இதை வெளியிட்டார்கள். அவர்களுடைய சோதனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை சுத்தமாகத் தெரியவில்லை, அளவைக் கூட்டிக் கொடுத்தும் தெரியவில்லை. நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். அவ்வளவுதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குளிர்ச்சியான ஆண்டுகளிலும் குளிர்ச்சியான சரிவுகளிலும் இந்தச் சேர்மம் அதிகம் உருவாகும். வெயில் நேராகப் படும் குலைகளில் குறையும். ஒரே தோட்டத்து சிரா ஓர் ஆண்டு மிளகாகவும் இன்னோர் ஆண்டு கரும்பழமாகவும் இருப்பது இதனால்தான். மிளகை விட்டுவிட்டு வேறு பாருங்கள்: ஆலிவ், வாட்டிய இறைச்சி, சில நேரம் ஊதாப் பூவின் மணம். வடக்கு ரோன் சிராவில் இவையும் நிறைய உண்டு.

கோப்பையைச் சுழற்றினால் உள்ளே கண்ணீர் மாதிரி வழிகிறது. மெதுவாக வழிந்தால் தரமான ஒயினாமே?

இல்லை. ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறுவதால் நடப்பது அது. ஆல்கஹால் கூடுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம். தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கோர்னாஸுக்கும் ஷாத்தோநெஃப்-து-பாப்புக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ரோன் தானே?

ஒரே ஆறு, ஆனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் இடைவெளி. வடக்கே சிராவின் ஆட்சி. தெற்கே அவிஞ்ஞோன் பக்கம் வந்தால் மத்தியதரைக் கடல் வெயில், கிரெனாஷ் திராட்சை, மரத்தையே வளைக்கும் மிஸ்திரால் காற்று. கிரெனாஷில் சர்க்கரை நன்றாக ஏறும், அதனால் ஆல்கஹாலும் ஏறும். துவர்ப்பு குறைவு. அதற்கு முதுகெலும்பு கொடுக்க மூர்வெத்ர் என்ற இன்னொரு கருந்திராட்சையையும் சிராவையும் கலக்கிறார்கள். ஷாத்தோநெஃப்பின் விதிகளில் மொத்தம் 13 திராட்சை வகைகளுக்கு இடம் உண்டு.

பெயரில் இருக்கும் 'பாப்' போப்பாண்டவர்தான். 14-ஆம் நூற்றாண்டில் போப்புகள் ரோமை விட்டு அவிஞ்ஞோனில் இருந்தபோது இங்கே ஒரு கோட்டை எழுந்தது. பாட்டில் கண்ணாடியில் புடைத்திருக்கும் சாவிச் சின்னம் அந்தக் காலத்தின் நினைவு. 1936-இல் சட்டப்படியான பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. 1954-இல் அந்த ஊர் மேயர், திராட்சைத் தோட்டங்களில் பறக்கும் தட்டுகள் இறங்கக் கூடாது என்று ஓர் ஆணையே போட்டார்! ஊருக்கு நல்ல விளம்பரம் கிடைத்தது.

உருண்டைக் கூழாங்கற்கள் பகலில் வெயிலை வாங்கி இரவில் சூட்டை விடுகின்றன என்று எல்லாக் கடைக்காரரும் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பகுதியின் மிகப் புகழ்பெற்ற ஒயின்களில் ஒன்றான ஷாத்தோ ரயாஸ் மணல் நிலத்தில் விளைகிறது.

கையைக் கடிக்காத விலையில் தெற்கைப் புரிந்துகொள்ள நினைத்தால் பக்கத்து ஊர்களின் ஒயின்களான வாக்கெராஸ் அல்லது ஜிகொந்தாஸ் வாங்குங்கள். என்னைக் கேட்டால், மலையடிவாரத்து ஜிகொந்தாஸ் பல சுமாரான ஷாத்தோநெஃப்களைவிட மேல்.

'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று போட்டிருக்கிறது. எங்கள் சென்னை வீட்டு ஹாலில் 31 டிகிரி!

அந்த வாக்கியம் பழைய பிரெஞ்சு வீடுகளுக்கு எழுதியது. இந்த ஒயின்களுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். 31 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் வாடைதான் மூக்கில் ஏறும், பழம் காணாமல் போகும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வது 22 டிகிரி அறைக்கு. நம் ஹாலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் ஐஸ் போட்ட தண்ணீரில் பாட்டிலைக் கழுத்துவரை மூழ்கவைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம், கோப்பையில் வெப்பம் தானாக ஏறிவிடும்.

மட்டன் சுக்காவோடு குடிக்கலாமா?

எந்தச் சுக்கா என்பதைப் பொறுத்தது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தணிக்கும், உப்பும் உதவும். ஆட்டுக்கறிக்கும் சிராவுக்கும் பிரான்ஸிலேயே பழைய பொருத்தம் உண்டு. மிளகு தூக்கலாகப் போட்டு மிளகாயைக் குறைத்த சுக்கா என்றால் எர்மிட்டாஜ் குன்றைச் சுற்றியுள்ள தோட்டங்களின் சிரா ஒயினான க்ரோஸ்-எர்மிட்டாஜ் அருமையாகச் சேரும். மிளகாய்த் தூளைக் கொட்டிச் செய்த சுக்காவோடு மட்டும் வேண்டாம். ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு அதன்மேல் வந்து உட்காரும், கடைசியில் கறியும் வீண், ஒயினும் வீண். அப்படிப்பட்ட சாப்பாட்டுக்கு ரோன் பகுதியின் பொதுவான அன்றாட ஒயினான கோட்-து-ரோனை நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள்.

பாட்டிலைத் திறந்ததும் ரப்பர் எரிந்த மாதிரி வாடை. இன்னொன்றில் மாட்டுத்தொழுவ வாடை. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

இரண்டும் வேறு வேறு. முதலாவது, காற்றே படாமல் அடைந்து கிடந்ததால் வந்த கந்தக வாடை. சிராவுக்கு இது சகஜம். கோப்பையைப் பலமாகச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

தொழுவ வாடை பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் கைவரிசை. லேசாக இருந்தால் தோல் பொருள் மணம் என்று ரசிப்பவர்கள் உண்டு, பழைய பாணி தெற்கு ரோனில் அடிக்கடி கிடைக்கும். பழத்தையே மறைக்கும் அளவுக்கு இருந்தால் நான் குறை என்றே சொல்வேன். ஆனால் கடைக்காரர் ஒப்புக்கொள்வது சந்தேகம். தயங்காமல் திருப்பித் தர வேண்டியது நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும் பாட்டிலைத்தான். அது கார்க்கிலிருந்து வந்த டிசிஏ என்ற சேர்மம். காற்று பட்டாலும் போகாது, நேரம் ஆக ஆக மோசமாகும்.

எர்மிட்டாஜ் குன்றின் அடியில் இருக்கும் தான்-லெர்மிட்டாஜ் ஊருக்குப் போகிறோம். ஒயினைத் துப்பினால் தயாரிப்பாளர் வருத்தப்படுவாரா?

துப்பாவிட்டால்தான் நாலாவது கோப்பைக்குப் பிறகு நீங்கள் வருத்தப்படுவீர்கள். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். வாயில் வைத்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பத்து விநாடி சுழற்றிவிட்டுத் துப்புங்கள். ஊருக்கு மேலே இருக்கும் எர்மிட்டாஜ் குன்றில் காலையிலேயே ஏறிவிடுங்கள். பிற்பகலில் அந்தச் சரிவில் வெயில் தாங்காது.