வேஸ்ட்கேட் ஒன்றா, இரண்டா?

கேள்வி: நான்கு சிலிண்டர் கொண்ட எனது ஜப்பானியக் காருக்கு இரட்டைச் சுருள் டர்போ பொருத்துகிறேன். வெளியில் பூட்டும் வேஸ்ட்கேட் ஒன்றே போதும் என்கிறார் கந்தளாய்க் கராஜ்காரர். இரண்டு கட்டாயம் என்கிறார் நண்பர். எது சரி? 1 பார் ஸ்பிரிங் போட்டுவிட்டு, அன்றாட ஓட்டத்துக்கு பூஸ்ட் கன்ட்ரோலரால் 0.7 பாராகக் குறைக்கலாமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: டர்போ, புகையின் வேகத்தால் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. அந்தக் காற்றின் மிகை அழுத்தமே பூஸ்ட், அதன் அலகு பார். பூஸ்ட் ஸ்பிரிங்கின் அளவை எட்டியதும் திறந்து, புகையின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் வெளியேற்றும் வால்வுதான் வேஸ்ட்கேட். இரட்டைச் சுருள் டர்போவில், நடுச்சுவரால் பிரிக்கப்பட்ட இரு வழிகளில் புகை டர்பைனை அடைகிறது. உங்கள் கராஜ்காரரும் நண்பரும் வேஸ்ட்கேட்டின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது நடுச்சுவரை.

1-3-4-2 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில், கிராங்க் தண்டு சுழலும் ஒவ்வொரு 180 பாகைக்கும் ஒருமுறை ஒரு சிலிண்டரின் புகை வால்வு திறக்கிறது. திறந்த வால்வு மூடுவதற்கோ 240 பாகைக்குக் குறையாமல் செல்லும். ஆகவே முதலாம் சிலிண்டர் தன் கடைசிப் புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் சிலிண்டர் திறந்து, அதன் அழுத்தம் பொதுக் குழாய் வழியாக முதலாவதைத் திருப்பித் தாக்குகிறது. 1, 4 ஆகியவற்றை ஒரு வழியிலும் 2, 3 ஆகியவற்றை மறுவழியிலும் பிரித்து விட்டால், ஒவ்வொரு வழியிலும் துடிப்புகளுக்கிடையே 360 பாகை இடைவெளி கிடைக்கிறது. டர்பைன் குறைந்த சுழற்சியிலேயே வேகம் பிடிப்பது இதனால்தான்.

இந்தப் பிரிவினை வேஸ்ட்கேட்டின் வால்வு வரை குலையாமல் செல்ல வேண்டும். சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதியான மெனிபோல்டை அழகாகப் பிரித்துவிட்டு, இரு பக்கக் குழாய்களையும் வேஸ்ட்கேட்டுக்கு ஒரு சாண் முன்பே ஒன்றாக ஒட்டிவிடும் வேலையை அடிக்கடி காண்கிறோம். அங்கே வால்வு மூடியிருக்கும்போதுகூட இரு வழிகளும் கலந்தே நிற்கின்றன. இரட்டைச் சுருளுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீண். நடுச்சுவரை வால்வின் முகம் வரை கொண்டுசென்றால் தாராளமான ஒரு வேஸ்ட்கேட் போதும். வால்வு திறந்தபின் வழிகள் கலந்தாலும், அதற்குள் பூஸ்ட் ஏறிவிட்டதால் பெரிய இழப்பில்லை. வழிக்கு ஒன்றாக இரண்டு பூட்டுவது பிரிவினையை முழுமையாகக் காக்கும். ஆயினும் இரண்டிலும் ஒரே ஸ்பிரிங் இருக்க வேண்டும், அழுத்தக் குழாய்களும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். எஞ்சின் அறையில் இடமிருக்கிறதா என்பதையும் முதலில் அளந்து பாருங்கள்.

1 பார் ஸ்பிரிங்கை வைத்து 0.7 பாருக்குக் குறைக்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு விடை, முடியாது என்பதே. கன்ட்ரோலர் செய்வது, வேஸ்ட்கேட்டுக்குச் செல்லும் அழுத்தச் செய்தியைக் குறைத்து அதைத் தாமதமாகத் திறக்கவைப்பது மட்டுமே. அதனால் பூஸ்டை ஸ்பிரிங்கின் அளவுக்கு மேலே ஏற்றலாம், கீழே இறக்க இயலாது. 0.7 பார் ஸ்பிரிங் போட்டு, வேண்டும்போது 1 பாருக்கு ஏற்றுங்கள்.

பூஸ்ட் குறைவென்றால் சிறிய வேஸ்ட்கேட் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். குளத்தின் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்க விரும்புபவருக்குத்தான் அகலமான வான்கதவு தேவை. பெரிய குளமுள்ள கந்தளாயின் கராஜ்காரருக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. வேஸ்ட்கேட் சிறிதானாலோ, அதற்கான கிளைக்குழாய் புகையோட்டத்துக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருந்தாலோ, உயர் சுழற்சியில் பூஸ்ட் தானாகவே ஏறிக்கொண்டு போகும். 92 ஒக்டேன் பெற்றோலில் ஓடும் எஞ்சினுக்கு அது பிஸ்டனை உடைக்கக்கூடிய ஏற்றம்.