மூன்று ஆண்டுத் தேர்வுரிமைகளைக் கொடுத்து ஒரு புதுமுகக் குவாட்டர்பேக்கை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஓஹையோவில் வசிக்கிறேன், பல ஆண்டுகளாகக் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகன். எங்களுக்கு நிலையான குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) அமைவதே இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று ‘பிக்’குகளை, அதாவது கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வுரிமைகளை, மொத்தமாகக் கொடுத்தாவது, கல்லூரியிலிருந்து வரும் முதல் தர இளைஞர் ஒருவரை வாங்கிவிட வேண்டும் என்று அலுவலக நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். சீசன் டிக்கெட் விற்கும் தரகர் ஒருவரும், அப்படியொரு பேரம் முடியப்போகிறது, விலை ஏறுவதற்குள் வாங்கிவிடுங்கள் என்று நெருக்குகிறார். இவ்வளவு கொடுப்பது உண்மையிலேயே லாபமா?

பதில்: பெரும்பாலான அணிகளுக்கு இது லாபமான பேரம் அன்று. தேர்வு வரிசையில் தன் சொந்த இடத்தோடு அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றையும், மூன்றாம் சுற்று போன்ற சில்லறையையும் சேர்த்துக் கொடுப்பது வரை நியாயம் சொல்ல முடியும்; அதற்கு மேல் கேட்டால் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவதே நல்லது. டிக்கெட் தரகரைப் பொறுத்தவரை, அவருக்கு எதுவும் தெரியாது என்று துணிந்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் பொது மேலாளர்கள் தங்கள் சொந்த ஊழியர்களிடமே வாய் திறப்பதில்லை. தரகரிடம் வந்தா சொல்லப்போகிறார்கள்? ஏப்ரல் இறுதியில் டிராஃப்ட் முடிந்த பிறகு டிக்கெட் வாங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

பேரத்தின் அடிப்படையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அமைப்பில் 32 அணிகள் உள்ளன. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி, கல்லூரி வீரர்களில் ஒருவரை முதலில் எடுக்கும். 7 சுற்றுகள் நடக்கும். இந்தத் தேர்வுரிமைகளையும், வரும் ஆண்டுகளுக்கு உரியவற்றையும் அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. வரும் ஆண்டின் தேர்வுரிமையை விற்கும்போது அது எத்தனையாவது இடமாக அமையும் என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வாங்கிய இளைஞர் தடுமாறினால் அணி தோற்கும்; அணி தோற்றால், ஏற்கெனவே விற்றுவிட்ட தேர்வுரிமையின் மதிப்பு ஏறும். பெரிய பேரங்கள் பலவும் இந்த இடத்தில்தான் முறிகின்றன.

2012ஆம் ஆண்டு வாஷிங்டன் அணி, ராபர்ட் கிரிஃபினை எடுப்பதற்காக செயின்ட் லூயிஸ் ராம்ஸிடமிருந்து இரண்டாவது இடத்தை வாங்கியது. கொடுத்த விலை: அந்த ஆண்டின் 6ஆவது இடம், 39ஆவது இடம், அதோடு 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகள். 1990களின் தொடக்கத்தில் டாலஸ் அணியில் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவாகிப் பின்னர் பல அணிகளும் பயன்படுத்திய மதிப்புப் பட்டியல் ஒன்று உண்டு. அதன்படி 2ஆவது இடத்துக்கு 2600 புள்ளிகள், 6ஆவது இடத்துக்கு 1600, 39ஆவதுக்கு 510. அப்படியானால், அந்த ஆண்டிலேயே 2110 புள்ளிகள் கொடுத்தாகிவிட்டது. எஞ்சிய கடன் 490 மட்டுமே. அதே பட்டியலில் முதல் சுற்றின் கடைசி இடமே 590 புள்ளிகள் பெறும். 490 புள்ளிக் கடனுக்கு இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றை எழுதிக்கொடுத்தார்கள். அவற்றில் 2013க்கு உரியது 22ஆவது இடமாக அமைந்தது. 2014க்கு உரியதோ சரியாக 2ஆவது இடமாகவே வந்து நின்றது. இரண்டாவது இடத்தை வாங்க இரண்டாவது இடத்தையே கொடுத்து, அதற்கு மேல் இன்னும் மூன்று தேர்வுரிமைகளையும் கொடுத்திருக்கிறார்கள்.

கிரிஃபின் திறமையற்றவர் அல்லர். முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதைப் பெற்று, அணியைப் பிரிவின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் சிதைந்தது. அதன் பிறகு பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. அதே 2012 டிராஃப்டின் நான்காவது சுற்றில் வாஷிங்டன் போகிற போக்கில் எடுத்த கர்க் கசின்ஸ்தான் பின்னர் அந்த அணியின் நிலையான குவாட்டர்பேக் ஆனார். 2014 டிசம்பரில் ராம்ஸ் வாஷிங்டனுக்கு வந்தபோது, நாணயம் சுண்டும் சடங்குக்கு அணித்தலைவர்களாக ஆறு பேரை அனுப்பியது. ஆறு பேருமே அந்தப் பேரத்தின் வழியாகக் கிடைத்தவர்கள். எதிரே நின்ற வாஷிங்டன் வீரர்களோடு கைகுலுக்கிவிட்டு, ஆட்டத்தை 24–0 என்று முடித்துக்கொண்டு போனார்கள். (அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டும் ராம்ஸ் அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள்தான் வென்றது என்பது வேறு கதை.)

இந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை. 2023இல் கரோலைனா, சிகாகோவிடமிருந்து முதலிடத்தை வாங்கியது. 9ஆவது இடம், 61ஆவது இடம், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று ஆகியவற்றோடு, தன்னிடம் இருந்த மிகச் சிறந்த ரிசீவரான (எறியும் பந்தைப் பிடிப்பவர்) டி.ஜே. மூரையும் கொடுத்தது. புதிதாக வரும் குவாட்டர்பேக் யாருக்குப் பந்தை எறிவதோ அவரையே விலையாகக் கொடுத்துவிட்டு ஒரு குவாட்டர்பேக்கை வாங்கும் அறிவை என்னவென்று சொல்வது? வந்த பிரைஸ் யங் அந்தப் பருவத்தில் 62 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அணி 17 ஆட்டங்களில் இரண்டை வென்றது. ஆகவே சிகாகோவிடம் போய்விட்ட 2024 தேர்வுரிமை அந்த ஆண்டின் முதலிடமாகவே ஆயிற்று. அதைக் கொண்டு சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்தது. 2023இல் யங்குக்கு அடுத்து, தனக்கு இயல்பாகக் கிடைத்த இரண்டாவது இடத்தில் ஹியூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுட்டை உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜனவரியில் உங்கள் அணியை 45–14 என்று வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான்.

உங்கள் நண்பர்களின் வாதத்தில் வலுவான பகுதி ஒன்று உண்டு. அது சம்பளம். 2010இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உறுதிசெய்யப்பட்டது. 2011இல் புதுமுகங்களுக்குச் சம்பள வரையறை வந்த பிறகு, அதே முதலிடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 2.2 கோடி டாலர்தான். பிரைஸ் யங்கின் நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 3.8 கோடி, அதே 2023இல் ஏற்கெனவே பெயர்பெற்ற குவாட்டர்பேக் ஜோ பர்ரோ கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 5.5 கோடி. அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், குவாட்டர்பேக்கிடம் மிச்சமாகும் பணத்தை மற்ற இடங்களில் செலவிடலாம் என்பது உண்மை. ஆனால் சம்பளம் மலிவாக இருக்கும் மற்ற வீரர்களும் இதே டிராஃப்ட் வழியாகத்தான் வருகிறார்கள். அவர்களை எடுக்கும் உரிமையை விற்றுவிட்டு, மிச்சமான பணத்தைக் கொண்டு வெளிச் சந்தையில் முழு விலைக்கு ஆள் பிடிப்பதில் மிச்சம் என்ன இருக்கிறது? மூன்று பருவங்கள் முடிந்ததும் அந்த இளைஞரும் புதிய ஒப்பந்தம் கேட்கலாம். நன்றாக ஆடினால் கட்டாயம் கேட்பார்.

இனி, நான் எப்போதும் எச்சரிக்கும் பொறிகளுக்கு வருகிறேன். முதலாவது, ஆளை முடிவு செய்யாமல் இடத்தை வாங்குவது. கரோலைனா மார்ச் மாதத்திலேயே பணயத்தை வைத்துவிட்டு, யாரை எடுப்பது என்று அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தது. 2021இல் சான் பிரான்சிஸ்கோவும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்தது: 12ஆவது இடத்திலிருந்து 3ஆவது இடத்துக்கு ஏற, மேலும் இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றையும் ஒரு மூன்றாம் சுற்றையும் மயாமிக்குக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து டிரே லான்ஸை எடுத்தது. 2020இல் ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருந்தவர் அவர். சான் பிரான்சிஸ்கோவுக்காக நான்கு ஆட்டங்களைத் தொடங்கினார், கணுக்கால் முறிந்தது, 2023இல் ஒரு நான்காம் சுற்றுக்கு டாலஸுக்குப் போனார். அந்த அணியை 2024 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனவர், 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி.

இரண்டாவது பொறி, ‘புரோ டே’ எனப்படும் காட்சி நாள். இளைஞர் தன் சொந்தக் கல்லூரியில், அரைக்கால் சட்டையோடு, தனக்குப் பழகிய ரிசீவர்களுக்கு, தனிப் பயிற்சியாளர் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துத் தந்த வரிசையில் பந்தை எறிவார். எதிரே ஓடிவந்து வீழ்த்த ஒருவரும் இருக்க மாட்டார். மாணவனே கேள்வித்தாளைத் தயாரித்து மாணவனே எழுதும் தேர்வு இது. அதில் 60 கஜம் பறந்த ஒரு பந்தை நாள் முழுவதும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அதைப் பார்த்து அணி உரிமையாளருக்கு ஆசை வரும். மூன்றாவது பொறி ஏஜென்ட்டுகள். ‘மூன்று அணிகள் போட்டி போடுகின்றன’ என்று பெயர் சொல்லாத வட்டாரங்களை மேற்கோள் காட்டி வரும் செய்தியால் யாருக்கு வருமானம் கூடும் என்று ஒரு கணம் யோசித்தாலே, அந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பது விளங்கிவிடும். இந்தச் செய்திகளை நம்பி டிராஃப்ட் மீது பந்தயம் கட்டச் சொல்லிக் கட்டணம் வாங்கும் ‘ஆலோசகர்’களும் இப்போது பெருகிவிட்டார்கள், அவர்கள் பக்கம் போகாதீர்கள்.

கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் ஆகிய இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2005இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: டிராஃப்டின் முதல் சில இடங்களுக்கு அணிகள் தகுதிக்கு மீறிய விலை கொடுக்கின்றன, காரணம், யார் ஜெயிப்பார் என்பதைக் கணிக்கும் தங்கள் திறமையை அளவுக்கு மீறி நம்புகின்றன. தேலருக்குப் பின்னர் நோபல் பரிசே கிடைத்தது. அணி மேலாளர்களின் பழக்கம் மட்டும் மாறவில்லை.

கான்சாஸ் சிட்டியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். 2017இல் அந்த அணி 27ஆவது இடத்திலிருந்து 10ஆவது இடத்துக்கு ஏறிப் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. இந்தப் பேரத்தை மற்றவற்றோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களை வென்ற அணி. ஆண்டி ரீட் என்ற தேர்ந்த பயிற்சியாளர் இருந்தார். அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலி இருந்ததால், மஹோம்ஸை முதல் பருவம் முழுவதும் உட்கார வைத்து, கடைசி ஆட்டத்தில் மட்டும் இறக்கினார்கள். அணி நல்ல அணி என்பதால், 10ஆவது இடத்தை விற்ற பஃபலோவுக்குக் கொடுத்த 2018 முதல் சுற்று, சுற்றின் பின்பகுதியில்தான் அமையும் என்று கணிக்க முடிந்தது. 22ஆவது இடமாகவே அமைந்தது. அதற்கு மேல் கொடுத்தது ஒரே ஒரு மூன்றாம் சுற்று. மறு ஆண்டு ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்பி, ஒரு மூன்றாம் சுற்றையும் கெண்டல் ஃபுல்லர் என்ற தடுப்பாட்டக்காரரையும் பெற்றுக்கொண்டார்கள். ஆக, நிகரமாகக் கொடுத்தது கூடுதலான ஒரு முதல் சுற்று மட்டுமே. ‘மஹோம்ஸுக்கு என்ன விலையும் கொடுக்கலாம்’ என்று சொல்பவர்கள், அவருக்கு அப்படி எந்தப் பெரிய விலையும் கொடுக்கப்படவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பஃபலோவும் அடுத்த ஆண்டு, 12ஆவது இடத்திலிருந்து 7ஆவது இடத்துக்கு இரண்டு இரண்டாம் சுற்றுகளைக் கொடுத்து ஏறித்தான் ஜோஷ் ஆலனை எடுத்தது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்ப இது நடக்கிறது என்று கேட்பீர்கள். வேறொருவர் கட்டப்போகும் கடனை வாங்குவதற்கு யாரும் தயங்குவதில்லை. சிகாகோவின் பொது மேலாளர் ரையன் பேஸ் 2017இல் 3ஆவது இடத்திலிருந்து 2ஆவது இடத்துக்கு, ஒரே ஒரு படி ஏறுவதற்கு மூன்று தேர்வுரிமைகளைக் கூடுதலாகக் கொடுத்து மிட்செல் டிருபிஸ்கியை எடுத்தார். அது பலிக்காததால் 2021இல் 2022க்கு உரிய முதல் சுற்றையும் சேர்த்துக் கொடுத்து ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தார். 2022 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். அந்த ஏப்ரலில் முதல் சுற்று இல்லாமல் உட்கார்ந்தவர் அவருக்குப் பின் வந்தவர். கரோலைனாவில் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டங்களிலும், பொது மேலாளர் பருவம் முடிந்ததும் போனார்கள். வேலை போகும் நிலையில் இருப்பவரின் கையில் மூன்று ஆண்டுச் சொத்தைக் கொடுத்துவிட்டு, உரிமையாளர்கள் பொறுப்பு அவருடையது என்கிறார்கள். டிக்கெட் விலையை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் ஏற்றுகிறார்கள்.

உங்கள் அணிக்கு வருவோம். விற்பவர் பக்கம் நின்றால் போதும், தானாகவே ஜெயிக்கலாம் என்று நான் சொல்லவில்லை; அதற்குக் கிளீவ்லாந்தே சாட்சி. 2016இல் இரண்டாவது இடத்தைப் பிலடெல்பியாவுக்கு விற்று (அவர்கள் எடுத்தது கார்சன் வென்ட்ஸ், 2018 பிப்ரவரியில் கோப்பையை வென்றபோது களத்தில் இருந்தவர் நிக் ஃபோல்ஸ்), வந்த தேர்வுரிமைகளை வீணடித்து, 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்களின் 32 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றார்கள். பிலடெல்பியாவிடமிருந்து கிடைத்த 2017இன் 12ஆவது இடத்தையும் ஹியூஸ்டனுக்கு விற்றார்கள். ஹியூஸ்டன் அதில் டெஷான் வாட்சனை எடுத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே வாட்சனுக்காக மூன்று முதல் சுற்றுகளைக் கொடுத்ததோடு 23 கோடி டாலரையும் முழுமையாக உறுதியளித்தது உங்கள் அணி.

ஆகவே அடுத்த முறை பேரச் செய்தி வரும்போது மூன்றை மட்டும் பாருங்கள்: குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்கள் ஐவரும் ஏற்கெனவே அணியில் இருக்கிறார்களா, முதல் பருவத்தை ஓட்ட அனுபவசாலி ஒருவர் இருக்கிறாரா, கொடுக்கப்படுவது வேறோர் அணியிடமிருந்து கிடைத்த கூடுதல் முதல் சுற்றா, அல்லது சொந்தத் தேர்வுரிமையா. கூடுதலாகக் கிடைத்ததைக் கொடுத்து நாலைந்து இடங்கள் ஏறுவதில் எனக்கு மறுப்பில்லை. முன்வரிசையில் ஓட்டை இருக்கும்போது சொந்தத் தேர்வுரிமைகளை இரண்டாண்டு, மூன்றாண்டுக்குக் கொடுத்தால், அந்த ஆண்டுக்கு டிக்கெட்டை ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பரில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வியப்பில்லை.